ஃப்யூனரல் டைரக்டர் ஆவது எப்படி? அமெரிக்காவில் மார்ச்சுவரி சயின்ஸ் படிக்க நினைப்பவர்களுக்கு

ஹூஸ்டன் பக்கம் நம்மவர்கள் கூடும் இடங்களில், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்பார்கள். "ஃப்யூனரல் டைரக்டர்" என்பேன். வாய்க்குப் போன பஜ்ஜி பாதி வழியில் நிற்கும். "அப்போ போஸ்ட்மார்ட்டம் எல்லாம் பண்ணுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலேயே ஒருவர் நகர்ந்துவிடுவார். விருந்து முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அதே ஆள் திரும்பி வருவார்: "அம்மாவுக்கு 82 வயசு. ஏதாச்சும் ஆயிட்டா ஊருக்குக் கொண்டுபோறதுக்கு என்ன செய்யணும்?"

சில வருடங்களாக இன்னொரு கேள்வியும் வருகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும், ஐடி வேலை சலித்துப்போன நாற்பது வயதுக்காரர்களும், "இதைப் படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கணும்?" என்கிறார்கள். தனித்தனியாக அவர்களுக்குச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் டெக்சாஸில் இருப்பதால் விவரங்கள் டெக்சாஸைச் சுற்றியே இருக்கும். மற்ற மாநிலங்களில் எங்கே மாறும் என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

இது என்ன படிப்பு

மார்ச்சுவரி சயின்ஸுக்கும் போஸ்ட்மார்ட்டத்துக்கும் சம்பந்தமில்லை. சாவுக்குக் காரணம் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. நாங்கள் வருவது அதற்குப் பிறகு. உடலை வீட்டிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ எடுத்து வருவது, குளிர்ப்பெட்டியில் வைப்பது, இறப்புச் சான்றிதழ் வாங்குவது, குடும்பம் கேட்டால் எம்பாமிங் செய்வது, குளிப்பாட்டி உடுத்துவது, சடங்கை நடத்துவது, மயானம் வரை கொண்டுசேர்ப்பது. குடும்பத்தோடு உட்கார்ந்து ஏற்பாடு செய்பவர் ஃப்யூனரல் டைரக்டர், உடலைப் பதப்படுத்துபவர் எம்பாமர். சில மாநிலங்களில் இரண்டுக்கும் ஒரே லைசென்ஸ். டெக்சாஸில் தனித்தனி. பெரும்பாலானோர் இரண்டையும் எடுத்துவைப்பார்கள். நானும் அப்படித்தான்.

எம்பாமிங் அமெரிக்காவில் இவ்வளவு பரவியதற்கு உள்நாட்டுப் போர் காரணம். தெற்கே செத்துக்கிடந்த வடக்கத்திச் சிப்பாயை ரயிலில் ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தாமஸ் ஹோம்ஸ் போன்றவர்கள் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றிப் பதப்படுத்தி அனுப்பினார்கள். 1865இல் ஆபிரகாம் லிங்கனின் உடல் வாஷிங்டனிலிருந்து இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ரயிலில் ஊர் ஊராகப் போனது. வழியெல்லாம் மக்கள் வரிசையில் நின்று முகம் பார்த்தார்கள். 'கடைசியாக முகம் பார்ப்பது' இந்த நாட்டின் வழக்கமானதில் அந்த ரயிலுக்குப் பங்குண்டு.

நம் ஊரில் இதே வேலைகளைப் பலர் செய்தார்கள். சங்கு ஊத ஒருவர், பறையடிக்கச் சிலர், மழிக்க ஒருவர், சிதை அடுக்க ஒருவர். பிறப்பை வைத்து அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டினோம். வேலை முடிந்ததும் திண்ணையில்கூட உட்காரச் சொல்லவில்லை. இங்கே அதே வேலையை ஒரே ஆள் கோட்டு சூட்டோடு, சுவரில் லைசென்ஸ் மாட்டிவைத்துக்கொண்டு செய்கிறார். வந்தவர்கள் எழுந்து நின்று கை கொடுக்கிறார்கள். எங்கள் ஊர் சுடுகாட்டு முகப்பில் அரிச்சந்திரன் கல் உண்டு. மயானம் காத்த ராஜாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் பிணத்தை உள்ளே கொண்டுபோவார்கள். மயானம் காத்த மனிதரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தத் தொழிலுக்கு வருகிற தமிழர் யாராக இருந்தாலும் இதை ஒருமுறை யோசித்துவிட்டு வர வேண்டும் என்பது என் கட்சி.

படி 1: ஃபீஸ் கட்டும் முன் வேலைக்குப் போங்கள்

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்து, கடன் வாங்கி, ஒரு வருடம் படித்த பிறகுதான் முதல் உடலைத் தொடுகிறார்கள். அப்போதுதான் சிலருக்கு ஒத்துவராது என்று தெரிகிறது.

உடலை எடுத்துவரும் உதவியாள், சடங்கில் கதவு திறந்துவிடுபவர், வண்டி ஓட்டுபவர் போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலான இடங்களில் லைசென்ஸ் தேவையில்லை. டிரைவிங் லைசென்ஸ் சுத்தமாக இருக்க வேண்டும், போலீஸ் பின்னணிச் சோதனையில் சிக்கல் வரக்கூடாது, பளு தூக்க முடிய வேண்டும். பக்கத்திலுள்ள நான்கைந்து ஃப்யூனரல் ஹோம்களுக்கு (இறுதிச்சடங்கு நடத்தித்தரும் நிறுவனங்கள்) நேரில் போங்கள். கறுப்பு அல்லது கருநீல உடை, பளபளப்பான ஷூ. "படிக்கலாமா என்று யோசிக்கிறேன், அதற்கு முன் வார இறுதியில் வேலை பார்க்க ஆசை" என்று சொன்னால் போதும். இரவு வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடாத ஃப்யூனரல் ஹோமை நான் பார்த்ததில்லை.

எனக்கு முதல் நாள் கொடுத்த வேலை வேன் கழுவுவது. இரண்டாம் நாள் பூவளையங்களைச் சடங்குக் கூடத்திலிருந்து வண்டிக்கு மாற்றுவது. மூன்றாம் நாள் இரவு இரண்டரை மணிக்கு போன். மாடி வீடு, வளைந்த படிக்கட்டு, கனத்த உடம்புள்ள ஒரு முதியவர். நானும் ஒரு சீனியரும் போனோம். போர்வையோடு சேர்த்து உடலை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, வாரைக் கட்டி, கதவைத் திறக்கப் போன சீனியர் அப்படியே திரும்பினார். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினார். தலையணையைத் தட்டி, பள்ளம் தெரியாமல் வைத்தார். அதற்குப் பிறகுதான் கிளம்பினோம். வண்டியில் ஏன் என்று கேட்டேன். "நாம போனதும் அந்தம்மா முதல்ல வர்றது இந்த ரூமுக்குத்தான்" என்றார். அடுத்த மூன்று வருடத்தில் எந்தப் பாடப்புத்தகத்திலும் அது எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறு மாதம் போதும். பிணத்தைப் பார்த்துப் பயம் வருகிறதா என்பது பெரிய கேள்வியே இல்லை, அது இரண்டாவது வாரத்தில் போய்விடும். வாசனை பழகிவிடும். பழகாதவை வேறு: தூக்கம் கெடுவது, தீபாவளியன்று போன் வருவது, அழுகிற ஒருவருக்கு எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. இவற்றில் எது உங்களை உலுக்குகிறது என்று பாருங்கள்.

ஹூஸ்டன் பக்கம் வந்தால், 1992இல் திறந்த தேசிய இறுதிச்சடங்கு வரலாற்று அருங்காட்சியகத்தை ஒரு மத்தியானம் சுற்றிப் பாருங்கள். பழைய பிண வண்டிகள், மீன் வடிவிலும் கார் வடிவிலும் செய்த கானா நாட்டுச் சவப்பெட்டிகள், மூன்று பேருக்கென்று செய்த ஒரே பெட்டி எல்லாம் அங்கே இருக்கின்றன. உடன் வந்தவர் "போதும், போகலாம்" என்று இழுக்க, நீங்கள் இன்னும் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு சேதிதான்.

படி 2: எந்த மாநிலம், என்ன விசா

லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். அதனால் எங்கே வாழப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒஹாயோவும் மின்னசோட்டாவும் இளங்கலைப் பட்டம் கேட்கின்றன. டெக்சாஸ் உட்படப் பல இடங்களில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் போதும். கலிஃபோர்னியாவில் ஏற்பாடு மட்டும் செய்யும் டைரக்டர் லைசென்ஸுக்கு மார்ச்சுவரி கல்லூரியே கட்டாயமில்லை, எம்பாமருக்குத்தான் வேண்டும். கொலராடோவில் நெடுங்காலம் தனிநபர் லைசென்ஸே கிடையாது. அங்கே ஓர் இடத்தில் ஏறத்தாழ 190 உடல்கள் அழுகிக் கிடந்தது 2023இல் தெரியவந்த பிறகு, 2024இல் சட்டம் போட்டார்கள். 2027 ஜனவரி முதல் அங்கேயும் கட்டாயம்.

ஒரு மாநில லைசென்ஸ் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது. கணவனுக்கோ மனைவிக்கோ அடிக்கடி ஊர் மாறும் வேலை என்றால், கடுமையான நிபந்தனையுள்ள மாநிலத்துக்கும் பொருந்தும்படி படித்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவிலிருந்து நேராக வந்து படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். படிக்கலாம், மாணவர் விசாவுக்கு அனுமதி பெற்ற கல்லூரியாக இருந்தால். படித்து முடித்ததும் ஓபிடியில், அதாவது மாணவர் விசாவோடு கிடைக்கும் வேலை அனுமதியில், ஒரு வருடம் வேலை பார்க்கலாம். பிறகுதான் சிக்கல். ஹெச்-1பி வேலை விசா கேட்பது இளங்கலைப் பட்டம் தேவைப்படும் வேலை. இந்தத் தொழிலில் பெரும்பாலான வேலைகள் அந்த வரையறைக்குள் வராது. கையில் கிரீன் கார்டோ குடியுரிமையோ இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பாதை நேராக இருக்கிறது. நானே கிரீன் கார்டு வந்த பிறகுதான் சேர்ந்தேன். கடன் வாங்கி விமானம் ஏறுபவரிடம் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

படி 3: கல்லூரியைப் பார்ப்பது

அமெரிக்க ஃப்யூனரல் சர்வீஸ் கல்வி வாரியம் என்று ஒன்று உண்டு, சுருக்கமாக ஏபிஎஃப்எஸ்இ. அதன் அங்கீகாரம் இல்லாத படிப்பில் பணம் போடாதீர்கள், லைசென்ஸுக்கான தேசியத் தேர்வு எழுதுவதில் சிக்கல் வரும். அங்கீகாரம் பெற்றவை நாடு முழுக்க அறுபதை ஒட்டி இருக்கின்றன. சின்சினாட்டியில் 1882இல் தொடங்கிய கல்லூரி, பிட்ஸ்பர்க்கில் 1939இல் தொடங்கியது போன்ற தனிக் கல்லூரிகள் ஒரு வகை. மின்னசோட்டா பல்கலைக்கழகம், டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகத் துறைகள் இன்னொரு வகை. மூன்றாவது வகை சமுதாயக் கல்லூரிகள், சான் அன்டோனியோ கல்லூரி மாதிரி. கட்டணத்தில் சமுதாயக் கல்லூரிதான் மிகக் குறைவு. பிறகு கிடைக்கப்போகும் லைசென்ஸ் ஒன்றே என்பதால், பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம் என்பேன்.

ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களில் எத்தனை பேர் தேசியத் தேர்வில் முதல் முயற்சியில் தேறினார்கள் என்பதை வெளியிட்டாக வேண்டும். விளம்பரப் பிரசுரத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். மூன்று வருட எண்களையும் பாருங்கள். ஆன்லைனில் படிக்கலாம், பல இடங்களில் வசதி உண்டு. ஆனால் எம்பாமிங் செய்முறையை ஆன்லைனில் கற்க முடியாது. அதற்கு எங்கே, யாரிடம், எத்தனை முறை போக வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "நீங்களே ஒரு ஃப்யூனரல் ஹோமைப் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்று சேர்ந்த பிறகு சொன்ன கல்லூரியில் என் தோழி மாட்டி, ஒரு செமஸ்டரை இழந்தாள். படி 1இல் சொன்ன வேலை இருந்தால் இந்தச் சிக்கலும் தீர்ந்தது.

வகுப்பில் பாதிக்கும் மேல் பெண்கள். இதைக் கேட்டு ஊரில் யாரும் நம்பவில்லை. தாத்தா செத்தபோது தெருமுனையோடு திரும்பச் சொன்னவர்கள்தானே.

படி 4: வகுப்பறையும் ஆய்வுக்கூடமும்

உடற்கூறு, நுண்ணுயிரியல், நோயியல், எம்பாமிங் வேதியியல் ஒரு பக்கம். ஃப்யூனரல் சட்டம், கணக்கு, நிர்வாகம், துக்கத்தின் உளவியல், மதச் சடங்குகள் இன்னொரு பக்கம். அறிவியல் பின்னணி இல்லாதவர்கள் வேதியியலில் திணறுவார்கள். பி.காம். படித்த நான் திணறினேன். கணக்குப் பாடத்தில் மற்றவர்கள் என்னிடம் வந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது முகச்சீரமைப்பு வகுப்பு. பிளாஸ்டிக் மண்டையோட்டின் மேல் மெழுகால் மூக்கு, காது, உதடு செய்ய வேண்டும். விபத்தில் சிதைந்த முகத்தைக் குடும்பம் பார்க்கும்படி திருப்பிக் கொண்டுவருவதற்கான பயிற்சி இது. அதற்கு அளவுகள் உண்டு. முகத்தை நெடுக்கில் மூன்று சம பங்காகப் பிரிக்கலாம்: முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து தாடை. அகலத்தில் ஐந்து கண் நீளம். காதின் நீளம் மூக்கின் நீளம். நம் ஸ்தபதிகள் தாள அளவு என்று முகத்தைப் பங்கு பிரிப்பார்களே, அதேதான். என் முதல் மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. அதை மேசையில் வைத்து வீட்டுக்காரருக்குப் படம் அனுப்பினேன். "யாரோட மூக்கு?" என்று பதில் வந்தது.

எம்பாமிங் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். விவரம் வேண்டாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

உடலைக் கழுவி, விறைத்த கைகால்களை மெல்ல நீவித் தளர்த்துவோம். கண்ணிமைக்குள் சிறு மூடியை வைத்து இமையைச் சாத்துவோம். வாயை மூடி முகத்தைச் சீராக்குவோம். மருந்து ஏறிய பிறகு முகம் அப்படியே இறுகிவிடும் என்பதால் இதை முதலிலேயே செய்தாக வேண்டும். பிறகு வலது காறை எலும்புக்கு மேலே ஒரு சிறு கீறல். கழுத்துத் தமனியையும் பக்கத்திலுள்ள சிரையையும் வெளியே எடுத்து, தமனியில் குழாயைச் செருகி மருந்தை ஏற்றினால், சிரை வழியே ரத்தம் வடியும். 50 பவுண்டு எடைக்குச் சுமார் ஒரு கேலன் கலவை என்பது வாய்ப்பாடு. மருந்து ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதில் கலந்த சாயம் காதுமடலிலும் நகக்கண்ணிலும் ஏறி, சாம்பல் நிறம் விலகும். கடைசியில் வயிற்றில் ட்ரோகார் என்ற நீண்ட குழலூசியைச் செலுத்தி, உள்ளுறுப்புகளிலுள்ள திரவத்தை உறிஞ்சி எடுத்து, அங்கேயும் மருந்து விடுவோம். எல்லாம் முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

மருந்து என்றது ஃபார்மால்டிஹைடு கலவை. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். எட்டு மணி நேர வேலையில் காற்றில் சராசரி 0.75 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) தாண்டக்கூடாது, எந்தக் கால் மணி நேரத்திலும் 2 பிபிஎம் தாண்டக்கூடாது என்று தொழிலாளர் பாதுகாப்பு விதி இருக்கிறது. வேலைக்குப் போகும் இடத்தில் காற்றோட்டம் எப்படி, கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் இடத்தில் சேராதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதலாளி செலவில் போட்டுவிட வேண்டும், அதுவும் விதி.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் வாசலிலேயே குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்வாள் என் அம்மா. மருந்து வாசனை தலைமுடியில் ஏறும் வேலை என்பதால், நான் குளிக்காமல் எப்படியும் வீட்டுக்கு வருவதில்லை. இதில் எங்கள் இருவருக்கும் சண்டையே வந்ததில்லை.

படி 5: தேர்வு

தேசியத் தேர்வு இரண்டு பகுதி: கலை, அறிவியல். ஒவ்வொன்றிலும் 170 கேள்விகள், எல்லாம் பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. கேள்வித்தாளின் கடினத்தைக் கணக்கில் கொண்டு மாற்றித் தரும் மதிப்பெண் 75 வந்தால் தேர்ச்சி. படிப்பு முடித்த ஒரு மாதத்துக்குள் எழுதிவிடுங்கள், வேலையில் முழுநேரம் இறங்கிவிட்டால் புத்தகம் திறக்க நேரமிருக்காது. பிறகு மாநிலச் சட்டத் தேர்வு. அது சின்னது.

படி 6: பயிற்சி ஆண்டு

டெக்சாஸில் தற்காலிக லைசென்ஸ் வாங்கி, குறைந்தது 12 மாதம் லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். எந்த வேலைகளில் கைவைத்தீர்கள் என்று பதிவு செய்ய வேண்டும். சம்பளம் உண்டு, மணிக் கணக்கில், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

என் பயிற்சி ஆண்டில் ஒரு தமிழ்ப் பாட்டி வந்தார். தமிழ்க் குடும்பம் என்று என்னிடமே கொடுத்தார்கள். ஒரு மகன் வெளியூரிலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்பதால் எம்பாமிங் கேட்டிருந்தார்கள். படித்தபடி செய்தேன். வாயை மூடுவதற்கு மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் சிறு ஆணிபோல ஒன்றைச் செலுத்தி, இரண்டிலுமிருந்து வரும் கம்பிகளைச் சேர்த்து முறுக்குவோம். உதடுகள் பிரியாமலிருக்க நடுவில் மெல்லிய பூச்சு. நெற்றியில் திருநீறு, கூறைநாட்டுப் புடவை, மூக்குத்தி. தூங்குகிற மாதிரி இருந்தார். சீனியர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சடங்கன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள், கையில் அரிசியோடு. மூத்தவர் குனிந்து, அரிசியை உதட்டில் வைத்து, விரலால் லேசாக அழுத்தினார். வாய் திறக்கவில்லை. இன்னொருமுறை அழுத்தினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அரிசி உருண்டு புடவைக் கொசுவத்தில் விழுந்தது. வாய்க்கரிசி எனக்குத் தெரியாதா? என் அப்பாவுக்கு நானே போட்டிருக்கிறேன். வெள்ளைக்காரப் பையன் செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டான் என்று விடலாம். பட்டுக்கோட்டைக்காரி நான், கேட்கத் தோன்றவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "உதட்டுல வச்சாப் போதும்யா, ஆத்தா வாங்கிக்கும்" என்று சொல்லி வரிசையை நகர்த்தினார். அவர் மட்டும் அன்று இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

தெரியும் என்று நினைப்பதுதான் இந்த வேலையில் ஆபத்து. அன்றிலிருந்து குடும்பத்தோடு முதல்முறை உட்காரும்போது ஒரு தாள் வைத்துக்கொள்கிறேன். வாய்க்கரிசி உண்டா? குளிப்பாட்டுவது நாங்களா, நீங்களா? திருநீறா, நாமமா, வெறும் பொட்டா? தாலியையும் நகையையும் எப்போது, யார் கழற்றுவது? விளக்கும் கற்பூரமும் ஏற்ற வேண்டுமா? ஏற்றினால் புகை அலாரம் அலறும், தீயணைப்பு வண்டி வரும், முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். தகன அறையில் பட்டனை அழுத்துவது யார்? அஸ்தியை யார் கையில் கொடுக்க வேண்டும்? தமிழர் என்பதால் விடையும் ஒன்று என்று எண்ண வேண்டாம். இலங்கைச் சைவக் குடும்பங்கள் உரலும் உலக்கையுமாக வந்து திருப்பொற்சுண்ணம் பாடி இடிப்பார்கள். தஞ்சாவூர்க்காரர்களில் பலர் அதைப் பார்த்தேயிருக்க மாட்டார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பம் என்றால் எம்பாமிங் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்ற அவர்களே ஆள் கூட்டி வருவார்கள், நம் வேலை இடம் கொடுத்து விலகி நிற்பது.

சட்டமும் சடங்கும் உரசும் இடங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்" என்பார்கள். டெக்சாஸில் இறந்து 48 மணி நேரம் ஆகாமல், அதிகாரியின் விலக்கு இல்லாமல், தகனம் செய்ய முடியாது. 24 மணி நேரத்துக்கு மேல் உடலை வைப்பதானால் எம்பாமிங் செய்ய வேண்டும், அல்லது 34 முதல் 40 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் வைக்க வேண்டும், அல்லது கசியாத பெட்டியில் மூட வேண்டும். தகனத்துக்குக் கையெழுத்துப் போடும் உரிமையில் மூத்த மகனுக்கு முன்னால் மனைவி வருகிறார். இதைச் சொன்னதும் அறையில் ஒரு அமைதி விழும். அந்த நேரத்தில் மனைவியைப் பார்த்துப் பேசுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் எடுத்தாக வேண்டும், சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும். தகன உலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பிறகு எலும்புகளை அரைத்துத் தருவார்கள். மறுநாள் எலும்பு பொறுக்கிப் பால் தெளித்துப் பழகியவர்களுக்கு, கையில் வருவது மணல் மாதிரிப் பொடி. முன்பே சொல்லிவைக்காவிட்டால் அதிர்ந்துவிடுவார்கள்.

விலைப்பட்டியல் இன்னொரு பாடம். மத்திய அரசின் ஃப்யூனரல் விதி 1984 முதல் நடைமுறையில் இருக்கிறது. நேரில் வந்து கேட்கும் யாருக்கும் ஒவ்வொரு சேவைக்கும் பொருளுக்கும் தனித்தனியாக விலை போட்ட பட்டியலைக் கையில் கொடுக்க வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். வேண்டாததை வாங்கச் சொல்லக்கூடாது. எம்பாமிங் சட்டப்படி எப்போதும் கட்டாயம் என்று சொல்வது பொய், அதற்குத் தண்டனை உண்டு. துக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார், காட்டுகிற பெட்டியை வாங்குவார். "அப்பாவுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்று அவரே பேச ஆரம்பிப்பார். தகனத்துக்கு எண்ணாயிரம் டாலர் பெட்டி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வர வேண்டும். முதலாளிக்கு அது பிடிக்காமல் போகலாம். வேலைக்குச் சேரும் முன், விற்பனைக்குக் கமிஷன் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால் யோசியுங்கள்.

பணம்

சம்பளத்தின் நடுநிலை ஆண்டுக்கு 50,000 டாலரை ஒட்டி. ஃப்யூனரல் ஹோம் மேலாளர் ஆனால் 75,000 பக்கம். ஐடிக்காரர்கள் இங்கேயே பக்கத்தை மூடிவிடுவார்கள், பரவாயில்லை. உடல் ஒன்றுக்கு இவ்வளவு என்று பல இடங்களுக்கு எம்பாமிங் மட்டும் செய்துதரும் வேலையும் உண்டு, முதுகு தாங்கினால் நல்ல வருமானம்.

தொழில் மாறிக்கொண்டிருக்கிறது. முகம் பார்த்து அடக்கம் செய்யும் சடங்குக்கு 2023இல் நடுநிலைச் செலவு 8,300 டாலர், தகனத்தோடு என்றால் 6,280 என்று தேசிய ஃப்யூனரல் டைரக்டர்கள் சங்கம் கணக்குச் சொன்னது. சடங்கே இல்லாமல் நேரே தகனம் என்றால் இன்னும் மிகக் குறைவு. இன்று அமெரிக்காவில் பத்தில் ஆறு பேர் தகனம்தான். 2015 வாக்கில் அது அடக்கத்தை முந்தியது. பெட்டி விற்றுப் பிழைத்த சிறு குடும்ப நிறுவனங்கள் திணறுகின்றன. 1962இல் தொடங்கி ஹூஸ்டனிலிருந்து நடக்கும் எஸ்சிஐ போன்ற பெரிய நிறுவனங்கள் அவற்றை வாங்கிச் சேர்க்கின்றன. பெரிய நிறுவனத்தில் விடுமுறையும் காப்பீடும் ஒழுங்காக இருக்கும். சிறியதில் எல்லா வேலையும் கற்கலாம். பயிற்சிக்குச் சிறியது, பிள்ளைகள் பிறந்த பிறகு பெரியது என்பது நான் போன வழி.

வீட்டில் சொல்வது

"பொணத்தைத் தொடுறவளுக்கு யாருடி வீட்டுல தண்ணி குடிப்பா?" என்றாள் அம்மா, கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற என்னிடம். வாதாடவில்லை. ஒருநாள், இறந்த தாயைக் குளிப்பாட்டப் பெண்தான் வேண்டும் என்று ஒரு மகள் கேட்டதையும், நானும் அந்தப் பெண்ணுமாகச் சேர்ந்து குளிப்பாட்டித் தலைவாரிப் பின்னியதையும் போனில் சொன்னேன். "எண்ணெய் வச்சியா?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குழந்தைகளின் உடல் வரும் நாட்களுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. அன்று யாரிடம் பேசுவது என்று முன்பே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இதே தொழிலில் இருப்பவரை.

ஊருக்கு அனுப்புவது

தமிழ் தெரிந்த டைரக்டருக்கு இங்கே வேலை குறையாததற்கு இது ஒரு காரணம். உடலை இந்தியாவுக்கு அனுப்ப இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்று, தொற்றுநோய் இல்லை என்ற கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். ஹூஸ்டனில் இந்தியத் துணைத் தூதரகம் இருப்பது எங்களுக்கு வசதி. டெக்சாஸில் இறப்புச் சான்றிதழ் டெக்செவர் என்ற மின்முறையில் பதிவாகிறது. மருத்துவர் அதில் கையொப்பம் இடுவதற்குத்தான் வெள்ளிக்கிழமை மாலைகளில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். ஊரில் திருச்சியிலோ மதுரையிலோ விமான நிலையத்தில் பெட்டியை எடுக்கப்போவது யார், அங்கிருந்து ஆம்புலன்ஸ் யார் ஏற்பாடு, பெட்டியை அங்கே திறக்கலாமா என்று ஊரிலிருக்கும் அண்ணனோ மாமாவோ கேட்பார். அந்த அண்ணனிடமோ மாமாவிடமோ அமெரிக்க நேரம் இரவு பதினொன்றுக்குத் தமிழில் பேச ஆள் இருப்பது குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் நீங்களே சடங்குச் சாமான்களுக்கு ஒரு பெட்டி சேர்த்து, வண்டியின் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இருப்பவை: மடிப்புக் கலையாத எட்டுமுழ வேட்டி ஒன்று, வெள்ளைத் துண்டு இரண்டு, பச்சரிசி ஒரு சிறு டப்பா, எள், திருநீறு, சந்தனம், பேட்டரியில் எரியும் அகல் நான்கு, ஊக்கு ஒரு அட்டை, நல்லெண்ணெய், மர சீப்பு. கூடவே ஒரு ஜோடி கறுப்பு ஷூ, மழை பெய்தால் மாற்றிக்கொள்ள.